அட்டையில் இல்லாத பெயர்

1877இல் ஷாங்காயில் மிஷன் அச்சகம் ஒன்று வெளியிட்ட கொரிய மொழிப் பாலபாடம் இருக்கிறது. நூறு பக்கத்தைத் தொடாத சின்னப் புத்தகம். பழைய நூல்களைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் நூலகங்களின் தயவால் இன்று யாரும் அதைப் புரட்டலாம்; பழுப்புத் தாளின் வாசனைதான் கிடைக்காது. ஒவ்வொரு வரியும் மூன்று அடுக்காக நிற்கிறது: மேலே கொரிய எழுத்து, நடுவில் அதன் உச்சரிப்பு ஆங்கில எழுத்தில், அடியில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருள். கொரிய மொழி படிக்க ஆசை என்று சொல்வதில் முதல் பாடம் தொடங்குகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விட்டுக் கொரிய மொழியை அச்சிட்ட முதல் புத்தகம் என்று இதைக் கொண்டாடுவதுண்டு. அதுவரை கொரியர்கள் மேலிருந்து கீழாக, இடைவெளி இல்லாமல் எழுதிவந்தார்கள். முகப்புத் தாளில் ஆசிரியர் பெயர் ஜான் ரோஸ். ஸ்காட்லாந்துக்காரர், மஞ்சூரியாவில் ஊழியம் செய்த பிரஸ்பிட்டீரியன் போதகர். அவருக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுத்தவரின் பெயர் அந்தத் தாளில் இல்லை.

ஊழியத்துக்காகக் கடல் கடக்கப் போகும் இளைஞனைப் பற்றிய நினைவுகள் ஏறக்குறைய எல்லாச் சபை வரலாறுகளிலும் ஒரே சாயலில்தான் வருகின்றன. இளைஞன் ஒருவன் அழைப்பை உணர்கிறான், பெட்டி கட்டுகிறான், விளக்கு வெளிச்சத்தில் புரியாத எழுத்தோடு மல்லாடுகிறான், கப்பலேறுகிறான். இந்தச் சித்திரத்தில் படிப்பவன் இருக்கிறான், புத்தகம் இருக்கிறது, வாத்தியாரைக் காணோம். கொரியாவைப் பொறுத்தவரை இது அடக்கக் குறைவு மட்டுமல்ல, நடந்ததையே தலைகீழாக்கிச் சொல்வது என்பது என் கருத்து. மிஷனரி கொரியாவுக்குப் புறப்படுமுன் கொரியர்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே வந்திருந்தார்கள். அவர்கள் எதிர்த்திசையில் எல்லை தாண்டியதால்தான் அவனுக்குப் பாடமே கிடைத்தது. அந்நியருக்கு நாட்டின் கதவு அடைத்திருந்த காலத்தில் 'புறப்படுமுன் மொழி படிப்பது' என்பதற்கு வேறு வழி ஏது?

ரோஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1874இல் அவர் சீன எல்லையில் 'கொரிய வாசல்' எனப்பட்ட சந்தைக்குப் போனார். அதற்கப்பால் காலெடுத்து வைக்க முடியாது. அந்நியருக்கு உதவும் கொரியனின் கழுத்துக்கே ஆபத்து என்பதால் வியாபாரிகள் துணி விலை விசாரிப்பார்களே ஒழிய, மொழி கற்றுத்தர யாரும் முன்வரவில்லை. இரண்டாம் முறை போனபோது ஆள் கிடைத்தார். யி உங்சான் என்ற அந்த மூலிகை வியாபாரி யாலு நதிக் கரையில் உள்ள உய்ஜு ஊர்க்காரர். ஆற்றைக் கடக்கையில் படகு கவிழ்ந்து சரக்கு முழுவதும் போய், வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியாமல் நின்றவர். பிழைப்புக்காக வாத்தியார் வேலையை ஒப்புக்கொண்டார். அவர் வழியாக உய்ஜுக்காரர்கள் இன்னும் சிலர் வந்தார்கள். பாலபாடம் அவர்கள் நாவிலிருந்து பிறந்தது. 1882இல் லூக்கா, யோவான் சுவிசேஷங்களும் 1887இல் புதிய ஏற்பாடு முழுவதும் கொரிய மொழியில் வெளிவந்தன. அந்த ஆண்டுகளில் நடந்த வேலையின் முறை பதிவாகியிருக்கிறது: கொரியர்கள் சீன வேதாகமத்திலிருந்து தங்கள் மொழியில் எழுதுவார்கள், ரோஸும் அவருடைய மைத்துனர் மெக்கின்டயரும் அதைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள், மறுபடியும் கொரியர்கள் கைக்குப் போகும். அச்சுக் கோக்க வந்த கிம் என்ற தெருவியாபாரி ஆமை வேகக்காரர் என்று ரோஸ் அலுத்துக்கொண்டதுண்டு. அந்த மந்த கதியால் ஒரு லாபம். கோத்த ஒவ்வொரு வரியையும் அவர் படித்துவிட்டார். பிறகு அந்தப் புத்தகங்களையே மூட்டை கட்டிக்கொண்டு எல்லையோரப் பள்ளத்தாக்குகளில் இருந்த கொரியக் குடியிருப்புகளுக்குப் போனார். அவர் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் வேண்டி நின்றவர்களைப் பார்க்க ரோஸ் பனிக்காலத்தில் மலையேற வேண்டியதாயிற்று.

ரோஸ் இல்லாவிட்டால் இந்தப் புத்தகம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அச்சகம், பணம், கிரேக்கப் புலமை, ஒரு மொழியை இலக்கணமாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி எல்லாம் அவரிடம்தான் இருந்தன. அதை மறுப்பது அடுத்த கோணல். ஆனால் பக்கத்தில் இருக்கும் கொரியம் யாருடையது என்பதற்கு அந்த மொழிபெயர்ப்பே சாட்சி சொல்கிறது. அது வடமேற்கு மாகாணமான பியோங்ஆன் வட்டாரத்து வழக்கு. சியோலுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கர்கள் ரோஸ் பதிப்பைக் கையில் எடுத்தபோது, தலைநகரத்துக் காதுக்கு இது ஒட்டவில்லை என்று சொல்லிப் புது மொழிபெயர்ப்புக்குக் குழு அமைத்தார்கள். குறையாகச் சொன்ன அந்த வழக்கு உய்ஜு வியாபாரிகளின் கையெழுத்துப் போலப் பக்கமெங்கும் கிடக்கிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறில்லை. 1880இல் யோகோஹாமாவில் அச்சான கொரிய–பிரெஞ்சு அகராதி பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சங்கத்தின் பெயரில் நிற்கிறது. முந்தைய குருக்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த அகராதிக் கைப்பிரதிகள், கொரியாவில் கத்தோலிக்கர் மீது நடந்த 1866 துன்புறுத்தலில் எரிந்துபோயின. உயிர் தப்பிச் சீனாவுக்கு ஓடிய பிரெஞ்சுக் குரு ரிடெல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உடனிருந்து சொல் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாட்டைவிட்டு வெளியேறிய கொரியக் கத்தோலிக்கர்கள். அவர்களில் சோய் ஜிஹ்யொக் என்பவரின் கையெழுத்தை வைத்துத்தான் அதன் கொரிய அச்செழுத்தை வார்த்தார்கள்.

கொரியப் புராட்டஸ்டன்ட் சபையின் ஆதி நாயகன் என்று பாடப் புத்தகங்கள் காட்டும் ஹொரேஸ் அண்டர்வுட்டிடம் வருவோம். லண்டனில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் அண்ணன் ஜானின் பெயரைத் தட்டச்சுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்டர்வுட் டைப்ரைட்டர் அவர் கம்பெனிதான், தம்பியின் ஊழியத்துக்குப் பண உதவியும் அங்கிருந்து வந்தது. சிறு பிள்ளையிலிருந்தே தம்பியின் மனம் இந்தியாவில்தான் இருந்தது. அதற்கென்றே மருத்துவமும் கொஞ்சகாலம் படித்தார். கொரியாவுக்கு யாராவது போங்களேன் என்று சக மாணவர்களைத் தூண்டிப் பார்த்து, யாரும் அசையாததால் கடைசியில் தாமே போவதென்று முடிவெடுத்தவர். 1885 ஜனவரியில் யோகோஹாமாவில் இறங்கியபோது வயது 25. சியோலில் சற்றுமுன் ஓர் அரண்மனைக் கலகம் நடந்து அடங்கியிருந்தது. உடனே உள்ளே போக முடியாத நிலை. ஆகவே ஜப்பானிய அகராதி செய்த முதிய மருத்துவர் ஹெப்பர்னின் வீட்டில் தங்கிக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் அவருடைய தயாரிப்புக் காலம். கொரிய மொழி சொல்லிக்கொடுத்தவர் யி சூஜொங்.

இந்த யி சூஜொங் சாதாரண ஆள் இல்லை. படித்த குடும்பம், அரசவைத் தொடர்பு. 1882இல் ஜப்பானுக்கு வந்து, அடுத்த ஆண்டு தோக்கியோவில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே அயல்மொழிப் பள்ளியில் கொரிய மொழி கற்பித்தார். எங்கள் நாட்டுக்கு மிஷனரிகளை அனுப்புங்கள் என்று அமெரிக்கச் சபைகளுக்கு அவர் எழுதிய வேண்டுகோள் அங்கே பத்திரிகையில் வெளிவந்தது. மாற்கு சுவிசேஷத்தைக் கொரிய மொழியில் ஆக்கிக் கொடுத்தார். 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அண்டர்வுட்டும் மெதடிஸ்ட் போதகர் அப்பென்செல்லரும் செமுல்போ துறையில், அதாவது இன்றைய இஞ்சியோனில், இறங்கியபோது அந்த மாற்கு சுவிசேஷம் அவர்கள் கையில் இருந்தது. மிஷன் வரலாறுகளில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத விசித்திரம் இது: போகிற நாட்டின் மொழியில் அந்த நாட்டுக்காரரே மொழிபெயர்த்த வேதப் பகுதியை மிஷனரி வெளியிலிருந்து எடுத்துப் போகிறார். அழைத்தவர் கொரியர், கற்பித்தவர் கொரியர், நூல் செய்தவர் கொரியர். சியோலில் அண்டர்வுட்டுக்கு அடுத்து வாய்த்த வாத்தியாரும் பிரெஞ்சுக் குருக்களுக்குப் பாடம் சொல்லிப் பழகிய கத்தோலிக்கர். சபைச் சண்டைகளுக்குப் பேர்போன அந்தக் காலத்தில், புராட்டஸ்டன்ட் போதகரின் நாக்கைத் திருத்தியது ஒரு கத்தோலிக்கர் என்பதைச் சபை மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வாத்தியார் இல்லாமல் புத்தகத்தை வைத்தே ஒப்பேற்றியிருக்க முடியாதா? ஹங்குல் எழுத்தைப் படிக்கச் சில நாள் போதும். ஒழுங்கான, அறிவுபூர்வமான எழுத்து. சிக்கல் அதற்குப் பிறகுதான். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதன் விகுதியில்தான் பேசுபவனும் கேட்பவரும் யாருக்கு யார் என்பது தெரியும். பெரியவர், சமவயதினர், சிறுவர், அந்நியர், அதிகாரி என்று படிப்படியாக மரியாதை மாறும். தமிழ் வாசகருக்கு இதில் பாதி புதிதல்ல. வினைமுற்றில் வாக்கியத்தை முடித்து, நீ, நீர், நீங்கள் என்று ஆளறிந்து பேசிப் பழகியவர்கள் நாம். இந்த ஒற்றுமை அந்தக் காலத்திலேயே கண்ணில் பட்டிருக்கிறது. மைசூர்ப் பக்கம் ஊழியம் செய்த பிரெஞ்சுக் குரு தாலே, கொரிய மண்ணை மிதிக்காமலே 1874இல் எழுதிய கொரியத் திருச்சபை வரலாற்றில் கொரிய மொழியைத் தமிழோடு ஒப்பிட்டார். அமெரிக்கர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணமே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவர்கள் முடிவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அம்மா, அப்பா என்று ஒலி ஒத்துப்போவதை வைத்து நம் ஊரில் நடக்கும் ஆரவாரத்துக்கும் அதே கதிதான். ஆனால் ஆங்கிலம் மட்டுமே அறிந்த இளைஞனுக்கு இந்தப் படிகள் புத்தகத்தால் பிடிபடாதவை. எந்த இடத்தில் எந்த விகுதி என்பதை எதிரே உட்கார்ந்து முகம் சுளிக்கும் ஒருவர்தான் கற்றுத்தர முடியும். 1890களில் ஆனி பெயர்ட் என்ற மிஷனரி அம்மையார் புதிதாக வருபவர்களுக்காக ஐம்பது குறிப்புகள் கொண்ட கையடக்க மொழி நூல் ஒன்று எழுதினார். அது திரும்பத் திரும்ப அச்சாகிப் பல காலம் புழங்கியது. ஆண்கள் பருமனான அகராதிகளும் இலக்கணங்களும் செய்துகொண்டிருந்தபோது, வீட்டு வேலையாளிடமும் சந்தைக்காரியிடமும் வாய் திறந்தாக வேண்டிய ஒருவரின் கைவேலை அது. எனக்கென்னவோ அந்தப் பருமனான நூல்களைவிட இதுதான் பழைய மாணவர்களின் உண்மை நிலையைக் காட்டுகிறது என்று தோன்றும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று இருக்கிறது. மாணவன், வாத்தியார் என்று இதமாகப் பேசுகிறாயே, அந்த மொழியறிவு எதற்கெல்லாம் பயன்பட்டது தெரியுமா என்பது. தெரியும். 1866இல் தப்பி ஓடிய அதே ரிடெல், குருக்களின் கொலைக்குப் பழிவாங்கப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் திரும்பி வந்தார். அந்தப் படை கங்ஹ்வா தீவில் இருந்த அரச நூலகத்தைச் சூறையாடிக் கொண்டுபோன அரசச் சடங்கு ஏடுகளில் 297 தொகுதிகள் கொரியாவுக்குத் திரும்பியது 2011இல்தான், அதுவும் கடன் என்ற பெயரில். வேல்ஸ் நாட்டு இளம் போதகர் ராபர்ட் ஜெர்மெய்ன் தாமஸ், கடற்கரையில் சில மாதம் சுற்றிக் கற்ற கொரிய மொழியோடு, ஆயுதம் தாங்கிய 'ஜெனரல் ஷெர்மன்' வணிகக் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக ஏறினார்; பியோங்யாங் அருகே கப்பல் எரிந்தது, அவரும் கொல்லப்பட்டார். சபை அவரை இரத்தசாட்சி என்கிறது. ஊர்க்காரர் கண்ணுக்கு அவர் பீரங்கியோடு வந்த கூட்டத்தில் ஒருவர். இரண்டு நினைவுக்கும் ஆதாரம் உண்டு. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. மொழியைக் கற்பது யாரையும் நல்லவனாக்கிவிடாது. யாரிடம் கற்றான், கற்ற பிறகு யாருடைய கப்பலில் ஏறினான் என்பவை தனித்தனிக் கேள்விகள். அண்டர்வுட்டை யி சூஜொங்கின் வேண்டுகோள் அழைத்தது. தாமஸை அந்தப் பயணத்துக்கு எந்தக் கொரியரும் அழைக்கவில்லை. இருவரும் மொழி படித்தவர்கள்தான்.

இன்று புறப்படும் இளைஞனின் தயாரிப்பு வேறு மாதிரி. மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை எடுத்துக்கொள்ளலாம். கொரியாவுக்கென்று தனி மிஷன் அதற்கு 1962இல் ஏற்பட்டது. மோர்மன் புத்தகம் கொரிய மொழியில் 1967இல் வந்தது. ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம் என்று 2012இல் விதி மாறியது. இரண்டு ஆண்டு ஊழியம். யூட்டாவின் புரோவோ நகரப் பயிற்சி மையத்தில் மொழிப் பாடம் சில வாரங்கள்தான். வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பெயரட்டை, அதில் ஹங்குல் எழுத்தில் தன் பெயர். அதைத் தானே முழுதாக வாசிக்கப் பழகுமுன் சட்டையில் ஏறிவிடும். ஒருகாலத்தில் வீட்டோடு தொடர்பு என்றால் வாரம் ஒரு கடிதமும், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய நாட்களில் தொலைபேசி அழைப்பும்தான். 2019 முதல் வாராவாரம் வீட்டோடு பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். கொள்ளைநோய்க் காலத்துக்குப் பிறகு பயிற்சியின் ஒரு பகுதியைச் சொந்த வீட்டிலிருந்தே முடிக்கிறார்கள். மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த ஆனி பெயர்ட் காலத்தவர்கள் இதைக் கண்டால் என்ன நினைப்பார்களோ.

கொள்கையளவில் பழைய பிரஸ்பிட்டீரியன்களுக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகம். ஒருவர் மற்றவரைச் சபையாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் கவனம் வகுப்பறையில் யார் எதிரே உட்கார்கிறார் என்பதில். புரோவோவில் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊழியம் முடித்துத் திரும்பிய அமெரிக்க மாணவர்கள். ஈராண்டு முன்பு தாமும் இதே பெஞ்சில் இருந்தவர்கள். அவர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்பவனுக்கு எங்கே இடறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் தன்னைப் போன்ற ஒருவனிடம் கற்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறதல்லவா, அதுதான் எனக்கு உறுத்துகிறது. யி உங்சான் எதிரே உட்கார்ந்த ரோஸுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தன் வாத்தியாருக்குத் தன் மதம் தேவையே இல்லை, கூலி மட்டும்தான் தேவை என்ற நிலையில் பாடம் தொடங்கியது. சொன்னது தப்பென்றால் தப்பென்று சொல்லும் அதிகாரம் கொரியனிடம் இருந்தது. புறப்படுமுன் கிடைக்கும் இந்தத் தாழ்ந்த இருக்கையை எந்த மையத்தாலும் வாரக் கணக்கில் கட்டித்தர முடியாது. கொரியாவில் இறங்கி, உள்ளூர் இளைஞன் ஒருவன் ஊழியத் துணையாக அமைந்தால் அது தாமதமாகக் கிடைக்கிறது, அமையாவிட்டால் இல்லை.

கூலிக்குப் பாடம் சொன்னவர்களை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது இக்காலத்து உணர்ச்சிவசம், அவர்கள் மிஷனின் சம்பளக்காரர்கள்தானே என்று கடைசியாக ஒரு மறுப்பு வரக்கூடும். சம்பளம் வாங்கினார்கள், உண்மை. அதோடு நின்றார்களா என்று பார்க்க வேண்டும். உய்ஜு வட்டத்தில் சொ சங்ர்யுன் என்று இன்னொருவர், ஜின்செங் வியாபாரி. மஞ்சூரியத் துறைமுகத்தில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் பிழைத்து, மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்தவர். ரோஸ் கப்பலேறிக் கொரியாவுக்குப் போவதற்கு வெகு முன்பே இவர் சுவிசேஷப் பிரதிகளை மறைத்து எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார். பிடிபட்டு, தெரிந்தவர் தயவால் தப்பி, ஹ்வாங்ஹே மாகாணத்தின் சொரே கிராமத்தில் குடியேறினார். அங்கே மிஷனரி யாரும் காலெடுத்து வைக்காமலே ஒரு வழிபாட்டுக் கூட்டம் உருவாயிற்று. அந்த ஊர்க்காரர்கள் 1887 தொடக்கத்தில் சியோலுக்கு நடந்து வந்து அண்டர்வுட்டிடம் ஞானஸ்நானம் கேட்டார்கள். வெளிப்படையாகப் பிரசங்கம் செய்ய அனுமதியில்லாமல், அரசு மருத்துவமனையில் மாணவர்களுக்கு வேதியியலும் இயற்பியலும் நடத்திக் காலம் தள்ளிக்கொண்டிருந்த அண்டர்வுட் அப்போது விதைக்கவே தொடங்கியிருக்கவில்லை. அறுவடை வாசலுக்கு வந்து நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சியோலில் அவர் வீட்டில் 14 பேரோடு சேமுனான் சபை அமைந்தபோது, மஞ்சூரியாவிலிருந்து வந்திருந்த ரோஸும் கூட்டத்தில் இருந்தார். அந்த 14 பேரில் 13 பேர் சொ சங்ர்யுனும் அவர் கூட்டாளிகளும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்று அங்கே தெரிந்துகொண்டு, அதைத் தம் எழுத்தில் பதிவு செய்தவரும் ரோஸ்தான். பாலபாடத்தின் அட்டையில் விட்டதைப் பத்தாண்டு கழித்து அவரே ஓரளவு சரிசெய்திருக்கிறார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.